கீமோ முடிஞ்சாச்சு... ஆனா எந்திரிக்க முடியலையே!

மாமியார் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் பின்னால், சுவரில் சாய்ந்தபடி நின்றாள்.

“அய்யா, கேன்சர் போயிருச்சுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாக. முடிகூட முளைச்சிருச்சு. வைத்தியம் எல்லாம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. இன்னும் இவ விரிச்ச பாயைச் சுருட்ட மாட்டேங்கா. ரெண்டு குடம் தண்ணி எடுத்தா மூச்சு வாங்குதுன்னு உக்காந்திருதா. உங்க லேகியம் ஏதாச்சும் குடுத்து எந்திரிக்க வைங்க.”

மருமகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நான் சோம்பேறி இல்லைய்யா.”

கோவில்பட்டிப் பக்கம் வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மதுரைக்கோ, திருநெல்வேலிக்கோ, சென்னை அடையாறுக்கோ மாசக்கணக்கில் அலைந்து, நகையை அடகு வைத்து, கீமோவும் ‘கரண்ட்’ வைத்தியமும் முடித்துத் திரும்புகிறார்கள். ஊரே வந்து விசாரிக்கிறது. சர்க்கரைப் பொங்கல் வைத்து நேர்த்திக்கடனும் தீர்த்தாகிவிடுகிறது. அத்தோடு வியாதி முடிந்தது என்று வீடு நினைக்கிறது. ஆனால் உடம்பு மட்டும் எழுந்து வர மறுக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கிறாரா? அல்லது அந்த ஒருவர் நீங்கள்தானா? அப்படியானால் இந்தப் பக்கங்கள் உங்களுக்காகத்தான். கடைசி வரை படியுங்கள். முடிந்தால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகப் படியுங்கள்.

இது வேற அசதி!

காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வருகிறீர்கள். இடுப்பு கழன்று போகிறது. குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டால் காலையில் எல்லாம் சரியாகி விடுகிறது. அது உழைப்பின் அசதி.

கீமோவுக்குப் பிறகு வரும் அசதி அப்படிப்பட்டதல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் மாதிரியே இருக்கும். செய்த வேலைக்கும் வரும் களைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. தலை வாரினால் கை ஓய்ந்து போகும். ஒரு படி அரிசி களைந்தால் உட்காரத் தோன்றும். அடுப்பில் பாலை வைத்தது மறந்து போகும். நாலு பேர் பேசினால் கவனம் நிற்காது. காரணமில்லாமல் அழுகை வரும்.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில் கேன்சர் நோயாளிகளிடம், “உங்கள் அன்றாட வாழ்க்கையை அதிகம் பாதிப்பது வலியா, அசதியா?” என்று கேட்டார்கள். 61 சதவீதம் பேர் ‘அசதி’ என்றார்கள். ‘வலி’ என்றவர்கள் 19 சதவீதம்தான். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களோ, வலிதான் பெரிய தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்! டாக்டர்களே அப்படி என்றால், நம் வீட்டு மாமியாரையும் மாமனாரையும் மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

“எத்தனை நாளைக்கு இப்படி?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு வருஷத்துக்குள் படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு அதையும் தாண்டி, வருஷக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

“கிரிக்கெட் ஆடுற யுவராஜ் சிங்குக்கும் கேன்சர்தானே? அவர் திரும்ப வந்து ஆடலையா?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான், தன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. உண்மைதான். அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்ட யுவராஜ், 2012 மார்ச்சில் அதை முடித்தார். நம் சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்ப மட்டையைப் பிடித்தது அதே வருஷம் செப்டம்பரில். தேசத்துக்காக விளையாடிய உடம்பு, வயது முப்பது, கூடவே பயிற்சியாளர்கள், வேளா வேளைக்குச் சத்தான சாப்பாடு. அவருக்கே ஆறு மாசம்! ஐம்பது வயதில், ரத்தசோகையோடு, தீப்பெட்டி ஆபீசில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு தாய்க்கு எத்தனை மாசம் கொடுப்பீர்கள்? அந்தப் பையனிடம் இதைத்தான் கேட்டேன்.

ஏன் வருகிறது?

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைத்துத் தாக்குகிறது. கேன்சர் செல் மட்டுமல்ல. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாகும் இடம், வாய், குடல், முடி வேர் எல்லாமே அதில் அடிபடுகின்றன. ரத்தம் ஊறுவது குறைகிறது. சாப்பாடு சேராமல் சதை கரைகிறது. மாசக்கணக்கில் படுத்தே கிடப்பதால், இருக்கும் சதையும் வலுவிழக்கிறது. உடம்புக்குள் ஒருவித அழற்சி கனன்றுகொண்டே இருப்பதும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தை நிறுத்தும்போதும் ஒரு தளர்ச்சி வரும். இவற்றோடு தூக்கமின்மை, கடன் கவலை, “திரும்ப வந்துருமோ” என்ற பயம்.

இப்படிப் பல காரணங்கள் கூடி வரும் அசதியை ஒரே ஒரு லேகியம் விரட்டிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் செய்த தப்பு

முதலில் சொன்னேனே, சுவரில் சாய்ந்து நின்ற மருமகள்... அவள் நாடியைப் பார்த்தேன். கண் இமையை இறக்கிப் பார்த்தேன். வெளுப்பு இருந்தது. “பாண்டுதான்” என்று முடிவு கட்டினேன். ரத்தம் ஊற ஒரு செந்தூரம், உடம்பு தேற அமுக்கரா சூரணம், பாலில் கலந்து சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். ஒரு மாசம் போனது. இன்னும் ஒரு மாசம் போனது. கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லை.

மூன்றாம் மாசம் வந்தவளின் குரல் கரகரத்திருந்தது. முகம் உப்பியிருந்தது. மலச்சிக்கல் என்றாள். கரிசல்காட்டு வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, இவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. மார்பகக் கேன்சருக்குக் கரண்ட் வைக்கும்போது கழுத்தின் அடிப்பகுதிக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது தைராய்டு சுரப்பியை மந்தமாக்கக்கூடும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சந்தேகமே இல்லை, தைராய்டு குறைவு. அவளைத் திரும்பக் கேன்சர் டாக்டரிடமே அனுப்பி வைத்தேன். அவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு தைராக்ஸின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ரெண்டு மாசம் வீணாகப் போனதுகூடப் பெரிசில்லை. பின்னால் ஒரு நாள் அவள் சொன்னதுதான் இன்னும் என் மனசில் கிடக்கிறது. “நீங்க மருந்து குடுத்தும் நான் எந்திரிக்கலைன்னதும், வீட்டுல எல்லாரும் இவ நடிக்கான்னு முடிவே பண்ணிட்டாகய்யா.”

பாருங்கள்! உதவியாக இருக்க வேண்டிய என் மருந்து, அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து பரிசோதனைச் சீட்டு கையில் இல்லாமல் இந்த அசதிக்கு நான் மருந்து கொடுப்பதில்லை.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

உங்கள் கேன்சர் டாக்டரையோ, அரசு ஆஸ்பத்திரி டாக்டரையோ பார்த்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

* ரத்த எண்ணிக்கை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது இரும்புக் குறைவா, பி12 குறைவா, மஜ்ஜை இன்னும் தேறவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரையோ செந்தூரமோ விழுங்குவது சரியல்ல.
* தைராய்டு (டி.எஸ்.எச்.). கழுத்து, மார்புப் பகுதியில் கரண்ட் வைத்தவர்களும், சில புதுவகை எதிர்ப்புசக்தி ஊசிகள் போட்டுக்கொண்டவர்களும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.
* சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், உப்புச் சத்துகள், வைட்டமின் டி.
* இருதயம். ‘சிவப்பு மருந்து’ என்று நம் மக்கள் சொல்லும் டாக்ஸோரூபிஸின் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு இருதயம் பலவீனப்படலாம். படி ஏறினால் மூச்சு முட்டுகிறதா? கால் வீங்குகிறதா? ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறதா? அப்படியானால் எக்கோ எடுக்காமல் இருக்கக் கூடாது.
* இப்போது சாப்பிடும் மாத்திரைகள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, ஹார்மோன் மாத்திரை இவையும் அசத்தும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது “ரொம்ப அசதியா இருக்கு” என்று மட்டும் சொன்னால் போதாது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மார்க் போடுங்கள். அசதியே இல்லை என்றால் பூஜ்யம். இதைவிட மோசமாக இருக்க முடியாது என்றால் பத்து. நாலும் அதற்கு மேலும் என்றால் டாக்டர் கவனித்தே ஆக வேண்டும். ஏழைத் தொட்டால் அது கடுமையான அசதி. காலண்டரில் தினமும் ராத்திரி அந்த எண்ணைக் குறித்து வாருங்கள். ஒரு மாசத்தில் உங்கள் உடம்பின் போக்கு உங்களுக்கே பிடிபடும். வீட்டில் நம்பாதவர்களுக்கும் காட்டலாம்!

பதம் பார்த்து இறங்குங்கள்

கரிசல்காட்டு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கினால் கால் புதையும், மண் அப்பிக்கொள்ளும். ஏரும் போகாது, டிராக்டரும் மாட்டிக்கொள்ளும். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் இறுகி, பாளம் பாளமாக வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் வரும். அந்தப் பதத்தில் இறங்குகிறவன்தான் விதைக்கிறான்.

கீமோ முடித்த உடம்பும் அந்த மண் மாதிரிதான். நம் பெண்கள் செய்கிற தவறு என்ன? ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருந்தால் போதும், பத்து நாள் துணியையும் அன்றைக்கே துவைத்து, வீட்டை ஒட்டடை அடித்து, இட்லிக்கும் ஆட்டி வைத்துவிடுகிறார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. மூன்று நாள் படுத்ததால் சதை இன்னும் தளர்கிறது. அடுத்த தடவை அரை வேலைக்கே மூச்சு வாங்குகிறது. இந்தச் சுழலை நிறுத்த வேண்டும்.

என்ன செய்யலாம்?

* உங்களுக்குத் தெம்பான நேரம் எது என்று காலண்டர் குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பலருக்குக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. முக்கியமான ஒரே ஒரு வேலையை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.
* களைத்த பிறகு உட்காராதீர்கள். களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். இருபது நிமிஷ வேலை, பத்து நிமிஷ ஓய்வு.
* உட்கார்ந்து செய்யக்கூடியதை நின்று செய்யாதீர்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டூல் போதும்.
* குழாயில் தண்ணீர் வரும் நாள் நம் ஊர்களில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வேலையை மட்டுமாவது வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். அக்குளில் நெறிகட்டி எடுத்த பெண்கள் அந்தப் பக்கக் கையில் எடுத்த எடுப்பில் நிறைகுடம் தூக்கக் கூடாது. கை வீக்கம் வரலாம். சொம்பில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

அசதிக்கு மருந்து நடையா?

“நிக்கவே முடியலைங்கேன், நடக்கச் சொல்லுதீகளே!” என்று கோபித்துக்கொள்வார்கள். கேட்பதற்கு விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அசதிக்கு உலகம் முழுக்க அதிக ஆதாரத்தோடு நிற்பது மாத்திரையோ டானிக்கோ அல்ல, உடற்பயிற்சிதான். 2017-ல் 113 ஆராய்ச்சிகளை ஒன்றாக அலசிப் பார்த்தார்கள். 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும், மருந்துகளைவிட நன்றாக அசதியைக் குறைத்தன.

அது மட்டுமா? 2025-ல் இன்னொரு பெரிய செய்தி வந்தது. குடல் கேன்சருக்கு ஆப்பரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று வருஷம் முறையான உடற்பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் படிப்பதற்குப் புத்தகங்கள் மட்டும். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்ற பிரிவில் 83 சதவீதம். ஆக, எழுந்து நடப்பது அசதிக்கு மட்டுமல்ல, ஆயுளுக்கும் நல்லது!

எப்படி ஆரம்பிப்பது? முதல் வாரம், காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். உங்கள் தெருவுக்குள்ளேயே, துணைக்கு ஒருவரோடு. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நிமிஷம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இரண்டு மூன்று மாசத்தில், வாரத்துக்கு மூன்று நாளாவது அரை மணி நேரம் நடக்கும் அளவுக்கு வந்துவிட்டால் அதுவே நல்ல இலக்கு.

சதை வலுப்பட ஒரு சுலபப் பயிற்சி. சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு ஐந்து. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். கண்மாய்க் கரை, பள்ளிக்கூட மைதானம் நல்ல இடங்கள். சில கீமோ மருந்துகள் கால் பாதத்தை மதமதப்பாக்கிவிடும். முள் குத்தினால்கூடத் தெரியாது. சீமைக் கருவேல முள் கிடக்காத பாதை நம் பக்கம் எங்கே இருக்கிறது? அதனால் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பின்வார் வைத்த செருப்புப் போடுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் நடை வேண்டாம். கேன்சர் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, ரத்தம் மிகவும் குறைந்திருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

நம்ம ஊர்ச் சாப்பாடு போதும்!

டப்பாவில் அடைத்த சத்து மாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். கரைந்த சதை திரும்பப் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தினமும் ஐம்பது முதல் அறுபது கிராம் வரை தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். கரிசலில் விளையும் பாசிப்பயறும் உளுந்தும் நூறு கிராமுக்கு 24 கிராம் கொடுக்கின்றன. காலையில் முட்டை, பதினோரு மணிக்குப் பயறுச் சுண்டல், மத்தியானம் பருப்பும் கீரையும் தயிரும், சாயங்காலம் கொஞ்சம் கடலை என்று பிரித்துக்கொண்டாலே பெரும்பகுதி வந்துவிடும்.

கம்பில் நூறு கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கம்பஞ்சோறோடு முருங்கைக்கீரை, அதில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உளுந்தங்களி நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துத் தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரை நோய் இல்லை என்றால்! கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமையோடு ஒன்று சாப்பிடுங்கள், போதும்.

மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட முடியாதவர்கள், அதையே ஆறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளை அணுக்கள் இன்னும் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் பச்சைக் காய்கறி, வெளியில் விற்கும் கூழ், ஜூஸ் வேண்டாம். நன்றாக வேகவைத்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

தூக்கமும் துக்கமும்

பகலில் தூங்கலாம். ஆனால் மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல். அதற்கு மேல் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.

மனசைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக்கப்புக்குப் போகிற வாரம் வந்தால் பலருக்கும் அசதி கூடும். அது பயத்தின் எடை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக, வாழ்ந்து என்ன என்று தோன்றினால் அது மனச்சோர்வு நோய். வைத்தியம் உண்டு. வெட்கப்பட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சித்த மருந்து சாப்பிடலாமா?

சித்த வைத்தியனான என்னிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

அமுக்கரா பலம் தரும் மூலிகையாக நம் நூல்களில் சொல்லப்பட்டது. மலேசியாவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 100 மார்பகக் கேன்சர் பெண்களிடம் பரிசோதித்து, அசதி குறைவதாக 2013-ல் எழுதினார்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காமல் செய்த சிறிய ஆராய்ச்சி அது. முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றக்கூடும். அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லோரும் குடித்த சீந்தில் கொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். மஞ்சளும் மிளகும் குழம்பில் இருக்கும் வரை அமிர்தம். அதையே சாறெடுத்து, மாத்திரையாக்கி விழுங்கினால், மார்பகக் கேன்சருக்குச் சாப்பிடும் டாமாக்ஸிஃபென் மாத்திரையின் வேலை குறையலாம் என்று நெதர்லாந்தில் 2019-ல் கண்டார்கள்.

ஆகவே, மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமோ, அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவிலோ மட்டும் பாருங்கள். ஆஸ்பத்திரி ஃபைலை அவரிடம் காட்டுங்கள். அவர் கொடுத்த மருந்தின் பெயரைக் கேன்சர் டாக்டரிடமும் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில், “மூணே நாள்ல தெம்பு” என்று கொடுக்கும் சூரணத்தைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. மூன்று நாள் குதிரை மாதிரி ஓட வைக்கும். அப்புறம் ஆளையே சாய்த்துவிடும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

* குளிர் காய்ச்சல், அதுவும் கீமோ முடிந்த முதல் சில வாரங்களில்
* உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டல், நெஞ்சு வலி
* ஒரு பக்கக் கால் வீக்கம், வலி
* தலை சுற்றி விழுதல், பேச்சுக் குழறல்
* கறுப்பு மலம், ஈறில் ரத்தம்
* நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று அசதி கூடி, எடையும் குறைதல்

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

“நல்லாத்தானே இருக்கே”, “மனசு வச்சா எந்திரிக்கலாம்”, “எங்க காலத்துல பிள்ளை பெத்த மறுநாளே காட்டுக்குப் போனோம்” — இந்த மூன்று வாக்கியங்களையும் தயவு செய்து மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, “இன்னைக்கு எத்தனை மார்க்?” என்று கேளுங்கள். “வா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று கூப்பிடுங்கள். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு படுக்க வைத்துவிடவும் வேண்டாம். கீரை ஆயட்டும், பேரனுக்குத் தலை சீவிவிடட்டும். தனக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணம் இருக்கிறதே, அது பெரிய தெம்பு.

ஆண்களுக்கும் இதே கதைதான். சொல்லப்போனால் அவர்கள் வாய் திறந்து சொல்வதுகூட இல்லை. பிழைப்புப் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அரை நாள் வேலையில் ஆரம்பிக்கும்படி முதலாளியிடம் வீட்டார் பேசிப் பாருங்கள்.

அந்த மருமகள் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? தைராக்ஸின் தொடங்கி நாலு மாசத்தில் அவள் போட்ட மார்க் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. தீப்பெட்டி ஆபீசுக்கு இப்போது மத்தியானம் வரைதான் போகிறாள். சாயங்காலமானால் இன்னும் அசதி வருகிறது. முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் போன தடவை அவளோடு வந்த மாமியார் நாற்காலியில் உட்காரவில்லை.

“நீ உக்காரு தாயி, நான் நின்னுக்கிடுதேன்” என்றார்.

எனக்கு அன்றைக்கு வேறு ஃபீஸ் தேவைப்படவில்லை!